பழ வாசத்தோடு மெத்தென்ற குக்கீஸ்: ஒருமுறை கல், மறுமுறை பன். எங்கே தப்பு?

மாடித்தோட்டம் (சென்னை) | மே 11, காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 19 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) ஒன்று இருக்கிறது. கேக் சுமாராக வரும். பிஸ்கட் வகை ஒருநாளும் உருப்படியாக வந்ததில்லை. மகள் தோழி வீட்டில் ஆரஞ்சு குக்கீஸ் சாப்பிட்டுவிட்டு வந்து அதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "கடிச்சா உடையக் கூடாதும்மா, வளையணும்" என்று நிபந்தனை வேறு.

முதல் முறை ஒன்றரை கப் மைதா, 100 கிராம் வெண்ணெய், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் ஆரஞ்சு ஜூஸ் சேர்த்தேன். கலந்ததும் தோசை மாவாக ஓடியது. மைதா போட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டேன். கடைசியில் எத்தனை கப் போனது என்று எனக்கே தெரியாது. சப்பாத்தி மாவு போலத் திரண்ட பிறகு நன்றாக அடித்துப் பிசைந்து, உருட்டித் தட்டி, 180 டிகிரியில் வைத்தேன். 12 நிமிடத்தில் தொட்டுப் பார்த்தால் நடுவில் அமுங்கியது. வேகவில்லை என்று 20 நிமிடம் விட்டேன். ஆறியதும் கல். மாமியார் ஒன்றைக் கடித்துவிட்டு, "இனி இதைத் தொடுறதா இருந்தா பல்செட்டைக் கழற்றி வெச்சுட்டுத்தான்" என்றார்.

இரண்டாம் முறை மைதாவைக் குறைத்து, சமையல் சோடாவை ஒரு தேக்கரண்டியாகக் கூட்டினேன். குட்டி பன் மாதிரி உப்பி வந்தது. லேசாகச் சோப்பு வாடை. இரண்டு முறையும் ஆரஞ்சு வாசம் மட்டும் இல்லவே இல்லை. அத்தனை ஜூஸும் எங்கே போனது?

---

கோவை ரொட்டிக்காரி | மே 11, காலை 11.25

ஜூஸ் எங்கேயும் போகவில்லை. அதுதான் உங்கள் மாவை முதலில் தோசை மாவாக்கியது, அப்புறம் கல்லாக்கியது.

ஆரஞ்சில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அரை கப் ஜூஸ் ஊற்றினால் அரை கப் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். அதைச் சமாளிக்க மைதா கூடிக்கொண்டே போனது. மைதாவும் தண்ணீரும் சேர்ந்த மாவைச் சப்பாத்திக்குப் போலப் பிசைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இழுவை வரும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், குக்கீஸுக்கு அது எமன். மைதா போட்ட பிறகு கரண்டியால் மடித்து, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது வேகவைத்தது. 12 நிமிடத்தில் நடுவில் அமுங்கியது என்றீர்களே, அப்போதே எடுத்திருக்க வேண்டும்! குக்கீஸ் சூடாக இருக்கும்போது எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். ஓரம் மட்டும் நிறம் மாறி, நடு இன்னும் பச்சையோ என்று வயிற்றைக் கலக்கும் நேரத்தில் வெளியே எடுத்து, ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். ட்ரேயின் சூடு மிச்ச வேலையை முடித்துவிடும். கடலைமிட்டாய்ப் பாகை அடுப்பில் இருந்து எப்போது இறக்குவது என்று கற்றுக்கொண்ட கை இதையும் கற்றுக்கொள்ளும். எனக்கு நாலைந்து ட்ரே வீணானது.

ஆரஞ்சு வாசம் ஜூஸில் இல்லை, தோலில் இருக்கிறது. மதியம் ஒரு ஆர்டர் முடித்துவிட்டு அளவோடு எழுதுகிறேன்.

---

சும்மா எட்டிப் பார்த்தவன் | மே 11, காலை 11.31

முதல் பேட்ச் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

---

ரசாயன வாத்தியார் (ஓய்வு, திருச்சி) | மே 11, மதியம் 12.50

ரொட்டிக்காரி அம்மா சொன்ன தோல் விஷயத்துக்கு ஒரு சின்ன விளக்கம். ஆரஞ்சுத் தோலை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்து மடக்கினால் சிறு பொறி பறக்கும், சின்ன வயதில் எல்லோரும் செய்திருப்போம். அந்தப் பொறிக்குக் காரணம் தோலின் எண்ணெய்ப் பைகள். அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே தோல் துருவலைச் சர்க்கரையோடு கசக்கி வெண்ணெயில் சேர்த்தால் வாசம் வெண்ணெயில் தங்கிவிடும். ஜூஸில் புளிப்பும் இனிப்பும் உண்டு, மணம் மிகக் குறைவு.

சோப்பு வாடைக்கு வருகிறேன். சமையல் சோடா காரம், அதாவது புளிப்புக்கு எதிர்க் குணம். புளிப்போடு சேர்ந்தால் வாயுவாகி மாவைத் தூக்கும். புளிப்பின் அளவை மீறிப் போட்டால் மிச்சம் அப்படியே நின்றுவிடும். ஒன்றரை கப் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி மிக அதிகம். கால் தேக்கரண்டி போதும்.

இன்னொன்றும் உண்டு. காரம் கூடினால் குக்கீஸ் சீக்கிரம் சிவக்கும். பார்வைக்கு வெந்த மாதிரி இருக்கும், உள்ளே வேகாது. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

---

பழைய பேக்கரி (நாகர்கோவில்) | மே 11, பிற்பகல் 2.15

தோலைத் துருவு, சர்க்கரையோடு கசக்கு என்று எதற்கு இந்தப் பாடு? அப்பா 30 வருடம் பேக்கரி நடத்தினார். பைனாப்பிள் எசன்ஸ் நாலு சொட்டு விட்டால் தெருமுனை வரை மணக்கும். கடையில் நிஜப் பழம் ஒருநாளும் வாங்கியதில்லை, வாங்கியது கேக் மேல் வைக்கும் செர்ரி மட்டும்தான். அந்தச் செர்ரியும் பாதி நாள் களாக்காய்!

---

கோவை ரொட்டிக்காரி | மே 11, பிற்பகல் 3.40

அண்ணா, எசன்ஸுக்கு நான் எதிரி இல்லை. அந்தப் பழைய பேக்கரி வாசத்துக்கு நானும் ஏங்குகிறவள்தான். டூட்டி ஃப்ரூட்டிக்குள் இருப்பது பப்பாளிக்காய் என்று தெரிந்த பிறகும் அதைப் பொறுக்கித் தின்பதை நிறுத்தவில்லையே. ஆனால் எசன்ஸ் மட்டும் போட்டால் முகர்ந்து பார்க்கும்போது அன்னாசி, வாயில் வைத்தால் வெறும் சர்க்கரை. நாக்குக்குப் புளிப்பு எட்டினால்தான் அது பழம் என்று மனசு ஒப்புக்கொள்ளும். எசன்ஸ் விட்டாலும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

சரி, மாடித்தோட்டம் கேட்ட அளவு. கப் வேண்டாம், தராசு வையுங்கள். கப்பை மாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150 கிராம், தளர்வாகப் போட்டால் 120. பாதித் தோல்வி அந்த 30 கிராமில்தான் இருக்கிறது.

வெண்ணெய் 100 கிராம், உப்பில்லாதது. உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனியாக உப்புப் போடாதீர்கள். வெள்ளைச் சர்க்கரை 80 கிராம், நாட்டுச் சர்க்கரை 50 கிராம், ஒரு சின்ன முட்டை, மைதா 180 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) ஒரு மேசைக்கரண்டி குவித்து, சமையல் சோடா கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி. ஆரஞ்சு இரண்டு பெரியதாக.

முதலில் ஆரஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கடையில் பளபளவென்று இருக்கும் வெளிநாட்டு ஆரஞ்சில் மெழுகு பூசியிருப்பார்கள், அதை இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும். துருவியின் சின்னக் கண் பக்கத்தில், ஆரஞ்சு நிறத் தோல் மட்டும் வரும்படி துருவுங்கள். வெள்ளைத் தோல் வந்தால் கசக்கும். நாக்பூர் கமலா என்றால் தோல் தொளதொளவென்று துருவ இடம் கொடுக்காது. அதை உரிப்பதற்கு முன்பே, முழுப் பழமாக அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் இறுகும்.

துருவலையும் வெள்ளைச் சர்க்கரையையும் விரலால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமணலாகி, லேசாக மஞ்சளித்து, அடுக்களை முழுக்க மணக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் தவிர்க்காதீர்கள்.

ஜூஸை 150 மி.லி. எடுத்து, சின்ன வாணலியில் சிறு தீயில் இரண்டு மேசைக்கரண்டி வரும்வரை சுண்டவையுங்கள். பாகு மாதிரி இருக்கும். ஆறட்டும். வெண்ணெயையும் இரண்டு சர்க்கரையையும் இரண்டு நிமிடம் மட்டும் குழைத்து, முட்டை, ஆரஞ்சுப் பாகு, கடைசியில் சலித்த மாவு. மடித்து மூடி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம். அப்புறம் 30 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 16 வரும். 170 டிகிரியில் 10 அல்லது 11 நிமிடம், நடுத்தட்டில்.

---

மாடித்தோட்டம் | மே 11, மாலை 5.05

அக்கா, கோடி நன்றி. சந்தேகங்கள் வரிசையாக நிற்கின்றன. நாட்டுச் சர்க்கரை எதற்கு, வாசத்துக்கா? சோளமாவு எதற்கு? எங்கள் வீட்டில் இப்போது பகலில் வெண்ணெயை வெளியே வைத்தால் பத்து நிமிடத்தில் நெய்யாக ஓடுகிறது. அதை எப்படிக் குழைப்பது?

---

ரசாயன வாத்தியார் | மே 11, மாலை 6.20

சர்க்கரைக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சர்க்கரை ஆறும்போது மறுபடி படிகமாக இறுகப் பார்க்கும். மொறுமொறுப்பு அதில் இருந்துதான் வருகிறது. நாட்டுச் சர்க்கரையில் வெல்லப்பாகின் ஈரமும், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற எளிய சர்க்கரைகளும் கொஞ்சம் இருக்கும். இவை படிகமாவதைத் தடுக்கும், காற்றின் ஈரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மகள் கேட்கும் 'வளைவது' இங்கே இருக்கிறது. மாவில் தண்ணீரை ஊற்றி மென்மை வரவைக்க முடியாது, அது நீராவியாகிப் போய்விடும் அல்லது பன்னாக உப்பிவிடும். இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் சர்க்கரை.

தேனும் இதே வேலையைச் செய்யும். 25 கிராம் சர்க்கரைக்குப் பதில் அதே எடை தேன் விடலாம். ஆனால் சீக்கிரம் கருகும், 10 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

---

கோவை ரொட்டிக்காரி | மே 11, மாலை 6.55

சார் சொன்னதோடு ஒன்று. கருப்பட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் பழ வாசத்தை அமுக்கி உட்கார்ந்துகொள்ளும். இஞ்சி குக்கீஸுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சோளமாவில் இழுவை கிடையாது. மைதாவில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் மாவு பொலபொலவென்று நிற்கும். கஸ்டர்டு பவுடரும் பெரும்பாலும் சோளமாவுதான், கூட நிறமும் வாசமும். மாம்பழ குக்கீஸுக்கு நான் அதைத்தான் போடுவேன்.

சென்னை மே மாதம்! வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும், உங்கள் அடுக்களையோ அதற்கு மேலே. காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள், அல்லது ஏசி அறையில் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள். நான் கோடையில் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் மேல் வைத்துக் குழைப்பேன். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் பளபளக்கக் கூடாது. அதுதான் பதம். உருண்டை பிடித்த பிறகும் மாவு தளர்ந்தால் ட்ரேயோடு ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்து நேராக ஓவனுக்குள் தள்ளுங்கள். சூடான ட்ரேயில் அடுத்த பேட்சை வைக்காதீர்கள், அப்பளமாகப் பரவும்.

---

லண்டன் குயில் (ஊர் யாழ்ப்பாணம்) | மே 12, அதிகாலை 1.10

இங்கே இரவு, நித்திரை வரவில்லை, இழையை முழுக்க வாசித்து முடித்தேன். மெத்தென்ற ஆரஞ்சுப் பலகாரம் என்றதும் எனக்கு ஜாஃபா கேக்தான் நினைவுக்கு வந்தது. 1927இல் இருந்து இங்கே கடைகளில் இருக்கும் சாமான். அடியில் பஞ்சு போல ஒரு தட்டு, மேலே ஆரஞ்சு ஜெலி, அதற்கு மேல் சொக்லேட். யாழ்ப்பாணத்துப் பேர் போல இருக்குது என்று வந்த புதிதில் வாங்கினேன், பிறகுதான் அது இஸ்ரேலில் இருக்கும் யாஃபா நகரம் என்று தெரிந்தது!

அது கேக்கா பிஸ்கட்டா என்று 1991இல் வரித் தீர்ப்பாயம் வரைக்கும் போய்விட்டது. இங்கே கேக்குக்கு வாட் வரி இல்லை, சொக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. கேக் பழசானால் காய்ந்து இறுகும், பிஸ்கட் பழசானால் நமத்துப்போகும். ஜாஃபா கேக் இறுகியது. இதையும் இன்னும் சில காரணங்களையும் பார்த்து, கேக் என்றே தீர்த்துவிட்டார்கள்.

மாடித்தோட்டம், உங்கட முதல் பேட்ச் அந்தக் கணக்கில் கேக். வரி கட்டத் தேவையில்லை.

---

மாடித்தோட்டம் | மே 12, காலை 7.30

சிரித்துச் சிரித்துக் காபி சிந்திவிட்டது, அக்கா. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "கேக்கும் இல்ல, பிஸ்கட்டும் இல்ல, அது செங்கல். செங்கல்லுக்கு வரி உண்டு" என்கிறார்.

---

கம்பத்துக்காரன் | மே 12, காலை 9.15

நானும் ஒரு கேஸ் கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சையை வேகவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் குக்கீஸ் செய்தேன். மாவு அழகான ஊதா நிறத்தில் இருந்தது. வெந்து வெளியே வந்தால் சாம்பல் கலந்த பச்சை. பாசி பிடித்த மாதிரி. தங்கச்சி பிள்ளைகள் பக்கத்திலேயே வரவில்லை. ருசி நன்றாகத்தான் இருந்தது, நான் ஒருவனே 14 தின்றேன். பழம் கெட்டுப்போயிருந்ததா?

---

ரசாயன வாத்தியார் | மே 12, காலை 10.05

பழத்தின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. திராட்சை, நாவல்பழம், புளூபெர்ரி எல்லாவற்றிலும் இருக்கும் ஊதா நிறத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூச்சாற்றில் எலுமிச்சை விட்டால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும் என்று செய்து காட்டுவோமே, அதே கதை. உங்கள் மாவில் சோடா காரம், அதனால் பச்சை.

சோடாவை முழுக்க எடுத்துவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போடுங்கள், அதில் புளிப்பும் கலந்தே இருக்கிறது. கூட ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. ஊதா முழுசாக நிற்காவிட்டாலும் பாசி வராது. 36 வருடம் பாடம் எடுத்தும் இந்தப் பரிசோதனையைத் தின்னலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

---

முட்டை சேர்க்காதவள் (கும்பகோணம்) | மே 12, காலை 11.50

எங்கள் வீட்டில் முட்டை ஆகாது. முட்டைக்குப் பதில் பழுத்த வாழைப்பழத்தை மசித்துப் போடலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே. போட்டால் வாழைப்பழ அப்பம் மாதிரி ஆகிவிடுகிறது. கோதுமை மாவிலும் செய்து பார்த்தேன், தொண்டையை அடைக்கிறது.

---

கோவை ரொட்டிக்காரி | மே 12, மதியம் 1.20

வாழைப்பழம் கேக்குக்கு நல்ல மாற்று, குக்கீஸுக்கு இல்லை. அதிலும் முக்கால் பங்கு தண்ணீர். அந்த ஆரஞ்சு அளவுக்கு முட்டைக்குப் பதில் 60 கிராம் கண்டன்ஸ்டு மில்க் போட்டு, வெள்ளைச் சர்க்கரையில் 25 கிராம் குறையுங்கள். கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டியும் போடலாம், ஆனால் அதைத் துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்ட பிறகு.

வாழைப்பழம்தான் வேண்டும் என்றால் மலைப்பழத்தை மசித்து, ஒரு கரண்டி வெண்ணெயில் பழ அல்வா பதத்துக்கு வதக்கி, ஆறவைத்துப் போடுங்கள். விருப்பாச்சிப் பழத்தில் செய்தால் அந்த வாசமே தனி. கோதுமை மாவைப் பாதிக்கு மேல் போக விடாதீர்கள், போட்டால் மாவை ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறவிடுங்கள். தவிடு மெதுவாகத்தான் ஈரத்தை உறிஞ்சும்.

---

பினாங்கு வாசி | மே 12, பிற்பகல் 2.45

இழை முழுக்க 'தண்ணீரைச் சுண்டவை' என்றே ஓடுகிறது. எங்கள் மலேசிய அன்னாசி டார்ட் கதையும் அதுதான். இங்கே தார்ட் நெனாஸ் என்போம். சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எல்லா வீட்டிலும் முறுக்குக்குப் பக்கத்தில் இந்த டப்பா இருக்கும். அன்னாசியைத் துருவி, சாற்றைப் பிழிந்து வைத்துவிட்டு, சக்கையைப் பட்டை, கிராம்பு போட்டுச் சிறு தீயில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கிளறுவோம். சர்க்கரையைக் கடைசியில்தான் போடுவோம். உருட்டினால் கையில் ஒட்டாமல் கோலி மாதிரி நிற்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் டார்ட் இரண்டாம் நாளே பூஞ்சை பிடித்துவிடும். அம்மா கிளறுகிற நாளில் நாங்கள் யாரும் அடுக்களைப் பக்கம் போகமாட்டோம், கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்.

அந்தக் கோலியைக் குக்கீஸ் மாவுக்குள் வைத்து மூடி வேகவைத்தால் இரண்டு நாளில் உள்ளே இருக்கும் ஈரம் கொஞ்சம் வெளியே பரவி மாவும் மெத்தென்று ஆகிவிடும். முதல் நாளைவிட மூன்றாம் நாள் ருசி.

---

முட்டை சேர்க்காதவள் | மே 12, பிற்பகல் 3.10

அன்னாசியைப் பச்சையாகத் தயிரில் கலந்தால் கசக்கிறதே, வேகவைத்தால் கசக்காதா?

---

ரசாயன வாத்தியார் | மே 12, பிற்பகல் 3.30

கசக்காது. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி உண்டு, பாலின் புரதத்தை அது உடைப்பதால் கசப்பு. சூட்டில் அது செயலிழந்துவிடும். நாக்கு ஊறலெடுப்பதற்கும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

---

பழைய பேக்கரி | மே 12, மாலை 6.40

நேற்று எசன்ஸ் கட்சி பேசியவன் நான். ரொட்டிக்காரி தங்கை சொன்னபடி எலுமிச்சைச் சாறு சேர்த்து ஒரு ட்ரே போட்டேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். ருசி மேலே போயிருக்கிறது. ஆனால் எசன்ஸை விடமாட்டேன். அப்பா வெண்ணெயில்தான் எசன்ஸ் விடுவார், மாவில் இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது வாத்தியார் சொன்ன பிறகு புரிகிறது, அவர் கொழுப்பில் வாசத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்.

---

புதுசா சேர்ந்தவள் (ஓசூர்) | மே 13, காலை 8.20

நான் ஆரஞ்சு பானத் தூள் இரண்டு கரண்டி போடுவேன், குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி ஜெல்லி தூளும் போட்டிருக்கிறேன், இளஞ்சிவப்பாக வந்தது. இதை எல்லாம் இங்கே சொன்னால் அடிப்பீர்களா?

---

கோவை ரொட்டிக்காரி | மே 13, காலை 9.00

அடிக்கமாட்டோம், தாராளமாகப் போடுங்கள். அந்தத் தூள்களில் பெரும்பகுதி சர்க்கரை, அதனால் சர்க்கரையை அதே எடைக்குக் குறையுங்கள். புளிப்பும் இருப்பதால் சோடாவோடு சேர்ந்து கொஞ்சம் அதிகமாக உப்பும், எனவே பேக்கிங் பவுடரை விட்டுவிடலாம். ஜெல்லி தூளில் சிலது ஜெலட்டின், அது சைவம் இல்லை. கும்பகோணத்து அம்மா போன்றவர்கள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கவும்.

நிஜ ஸ்ட்ராபெர்ரியின் வாசமே வேண்டும் என்றால் உறைநிலையில் உலர்த்திய பழத்தூள் கிடைக்கிறது. விலை கண்ணைக் கட்டும். நான் கல்யாண ஆர்டருக்கு மட்டும் வாங்குவேன்.

---

மாடித்தோட்டம் | மே 14, காலை 7.50

வந்துவிட்டேன்! காலை ஐந்தரைக்கு எழுந்து, ஏசி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாத்திரங்களைப் பரப்பிச் செய்தேன். கணவர் எழுந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மறுபடி போர்த்திக்கொண்டார்.

முதல் நாலு உருண்டையை மட்டும் சோதனைக்கு வைத்தேன். 10 நிமிடத்தில் எடுத்தேன். மேலே கரும்புள்ளி, அடியில் பச்சை. பயந்துபோய் அம்மா வீட்டில் இருந்து ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி வந்து உள்ளே வைத்துப் பார்த்தால், குமிழ் 170 என்கிறது, உள்ளே 200! இத்தனை நாள் கேக் எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

குமிழை 145இல் வைத்து, ட்ரேயை ஒரு தட்டு கீழே இறக்கி, 15 நிமிடம் காயவிட்டு, மிச்சம் 12ஐ வைத்தேன். 11 நிமிடம். நடுவில் அமுங்கியது. கை பரபரத்தது, ஆனால் எடுத்துவிட்டேன். ட்ரேயிலேயே விட்டேன். ஆறியதும் எடுத்தால்... வளைகிறது. மகள் ஒன்றை எடுத்து நிலா மாதிரி வளைத்துக் காட்டினாள், அப்புறம்தான் தின்றாள். தோலின் வாசம் விரலில் இன்னும் இருக்கிறது.

மாமியார் பல்செட்டோடு மூன்று சாப்பிட்டார்.

---

கோவை ரொட்டிக்காரி | மே 14, காலை 8.30

சபாஷ்! சின்ன ஓடிஜிகளில் மேல் கம்பி தலையில் இடிக்கிற தூரத்தில் இருக்கும், அதனால்தான் கரும்புள்ளி. கீழே இறக்கியது சரி. தெர்மாமீட்டரை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, ஒரு துண்டு ரொட்டியையும் வையுங்கள். ரொட்டி காயும், குக்கீஸ் காயாது. சென்னை வெயிலுக்கு வெளியே மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வேகாத உருண்டைகளாக ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டும்போது நாலு எடுத்து அப்படியே சுடலாம். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூடும்.

---

கம்பத்துக்காரன் | மே 14, காலை 10.10

சோடா இல்லாமல் செய்தேன். ஊதா வரவில்லை, பழுப்பு கலந்த ரோஜா நிறம். பிள்ளைகள் பக்கத்தில் வந்தார்கள். இந்த முறை எனக்கு மூன்றுதான் கிடைத்தது.

---

மாடித்தோட்டம் | மே 16, மாலை 4.30

அடுத்து மாம்பழம். சீசன் வந்தாயிற்று, வீட்டில் ஒரு கூடை பங்கனப்பள்ளி. ஆரஞ்சு மாதிரி தோலைத் துருவ முடியாதே?

---

லண்டன் குயில் | மே 16, இரவு 8.45

அதை நினைக்கவும் வேண்டாம். மாந்தோல் சிலருக்கு உதட்டைப் புண்ணாக்கிவிடும்.

இங்கே எங்களுக்கு டின் மாம்பழக் கூழ்தான் கதி. 200 கிராமை 75 கிராம் வரும் வரைக்கும் கிளறிப் போடுவேன். அதில் ஏற்கெனவே சீனி இருக்கும், மாவுச் சீனியைக் குறைக்க வேண்டும். டின்னில் பார்த்தால் பல நேரம் கிருஷ்ணகிரி என்றுதான் போட்டிருக்கும். உங்கட ஊர்ப் பழத்தை நான் டின்னில் தின்கிறேன், நீங்கள் கூடையில் வைத்திருக்கிறீர்கள்.

---

கோவை ரொட்டிக்காரி | மே 16, இரவு 9.20

பங்கனப்பள்ளி இனிப்புதான், புளிப்புக் குறைவு. கிளறும்போது அரை எலுமிச்சை பிழியுங்கள். 250 கிராம் விழுதை 80 கிராமுக்குக் கொண்டுவாருங்கள், தீ சின்னதாக. மாம்பழக் கூழ் கொதித்தால் எரிமலை மாதிரி தெறிக்கும், என் வலது கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆரஞ்சுப் பாகைவிட இது அளவில் அதிகம், அதனால் முட்டையில் மஞ்சள் கரு மட்டும் போடுங்கள்.

இதைவிடச் சுலபமான வழி மாமிடி தாண்ட்ரா. ஆந்திராக்காரர்கள் மாம்பழச் சாற்றைப் பாயில் அடுக்கடுக்காக ஊற்றி வெயிலில் காயவைத்துச் செய்வது, ஆத்ரேயபுரம் பக்கத்தில் பேர் போனது. நமக்காக வெயிலே தண்ணீரை எடுத்துவிட்டது, நாம் எதற்குக் கிளற வேண்டும்? பட்டாணி அளவு நறுக்கி, மைதாவில் பிரட்டி, சுண்டிய விழுது இல்லாமலே மாவில் 70 கிராம் சேர்த்துப் பாருங்கள். சூட்டில் இளகி ஜெல்லி மாதிரி இருக்கும்.

---

மாடித்தோட்டம் | மே 19, காலை 11.15

பாதி மாவில் கிளறிய விழுது, பாதியில் தாண்ட்ரா. வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. தாண்ட்ரா நாலு ஓட்டு, விழுது ஒன்று. அந்த ஒன்று என்னுடையது, இரண்டு மணி நேரம் கிளறியவள் வேறு எதற்குப் போடுவாள்?

மாமியார் இப்போது கட்டளை இட ஆரம்பித்துவிட்டார். கொல்லையில் நார்த்தங்காய் காய்த்துக் கிடக்கிறதாம், ஊரில் இருந்து வரவழைக்கிறாராம். "ஆரஞ்சுத் தோல் மணக்கும்னா நாரத்தை மணக்காதா" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

---

கோவை ரொட்டிக்காரி | மே 19, மதியம் 12.05

அருமையாக மணக்கும், ஆரஞ்சே தோற்கும். ஆனால் ஒரு காயின் தோலில் பாதிக்கு மேல் வேண்டாம், கசப்பு ஏறிவிடும். சாறு ஒரு தேக்கரண்டி போதும், சுண்டவைக்காதீர்கள், சுண்டினால் அந்தக் கசப்பும் சேர்ந்து கூடும். வெள்ளைச் சர்க்கரையை 20 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் சொல்லி எனக்கும் நாலு காய் கூரியரில் போடச் சொல்லுங்கள். அனுப்புக் கூலி நான் தருகிறேன்.